கையைத் தூக்கு

மாஸ்டர் என்று கூப்பிடுவதைக் கேட்டுப் புதிதாக வருகிறவர்கள் பெரிய படிப்பாளி என்று நினைத்துக்கொள்வார்கள். டாக்டருக்கு அடுத்தபடி இவர்தான் போலிருக்கிறது என்று வணக்கம்கூட வைப்பார்கள். விஷயம் அதுவல்ல. மனுஷர் எட்டாம் வகுப்பில் இரண்டு தடவை உட்கார்ந்து எழுந்தவர். அதற்குப் பிறகு பத்தொன்பது வருஷம் சட்டை தைக்கிற கடையில் துணி வெட்டினார். தையல் கடையில் வெட்டுகிறவனுக்கு மாஸ்டர் என்று பேர். ஆம்புலன்ஸில் சேர்ந்து பதின்மூன்று வருஷம் ஆகியும் அந்தப் பேர் விடவில்லை.

சேர்ந்த கதையும் ரத்தத்தில் தொடங்கியதுதான். எதிர் ஓட்டல் முதலாளி, சாப்பாடு பரிமாறுகிறவனைக் கழுத்தைப் பிடித்துக் கண்ணாடிக் கதவு வழியாகத் தெருவுக்கு வீசினான். கதவைத் திறக்கவில்லை, அப்படியே வீசினான். விழுந்தவன் தொடையிலிருந்து ரத்தம் குழாய் உடைந்த மாதிரி அடித்தது. சுற்றி நின்றவர்கள் "ஐயோ ஐயோ" என்றார்கள், போனில் படம் பிடித்தார்கள். மாஸ்டர் கத்திரிக்கோலோடு ஓடினார். பேன்ட்டை இடுப்புவரை ஒரே இழுப்பில் வெட்டினார், வெட்டிய துணியைச் சுருட்டி ஓட்டைக்குள் திணித்தார், அதன்மேல் தன் முழங்காலைப் போட்டு உட்கார்ந்தார். இருபது நிமிஷம் எழுந்திருக்கவில்லை. வண்டியோடு வந்தவர் பார்த்துவிட்டு, "கை நல்லா இருக்கேய்யா. எங்ககூட வந்துடுறியா?" என்று விளையாட்டாகக் கேட்டார். மாஸ்டர் அடுத்த வாரம் நிஜமாகவே போய் நின்றார். பயிற்சிப் பரீட்சையில் மூன்றாவது தடவைதான் தேறினார். எழுதத்தான் வராது, கைக்கு எல்லாம் வரும்.

பயிற்சியில் சொன்னதை நான்கு வார்த்தையாகச் சுருக்கி வைத்துக்கொண்டார். ரத்தம், மூச்சு, துணி, முதுகு. கொட்டுகிற ரத்தத்தை முதலில் அடை. மூச்சு வருகிறதா பார். துணியை எல்லாம் வெட்டி எடு. புரட்டி முதுகைப் பார். அடிபட்டவன் வாயால் சொல்லுவதை நம்பாதே, உடம்பைக் கேள். வாய்ப்பாடு ஒப்பிக்கத் தெரியாத மனுஷருக்கு இது மட்டும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் வரும்.

ஒரே ஒரு கோளாறு. துணி வெட்டும்போது தையலை ஒட்டியே வெட்டுவார். மறுபடி தைத்தால் உடுத்தலாம் அல்லவா. பயிற்சி கொடுத்தவர் இதற்காகக் கன்னாபின்னாவென்று திட்டியிருக்கிறார்.

"நடுவுல நேரா வெட்டுய்யா. நீ என்ன பண்டிகைத் துணியா தைக்கிறே?"

"துணி என்ன சார் பாவம் பண்ணுச்சு?"

"ஆளு என்ன பாவம் பண்ணான்? அதச் சொல்லு."

அடிபட்டவன் சும்மா படுத்திருப்பான் என்று வெளியே இருப்பவர்கள் நினைப்பார்கள். அடிபட்டவன் அடிப்பான். குடித்துவிட்டுக் கன்னத்தில் திருப்புளி செருகியபடி கிடந்த ஒருவன், "பேன்ட் புதுசுடா!" என்று கத்திக்கொண்டே உதைத்ததில் மாஸ்டரின் முன்பல் ஒன்று போயிற்று. முகத்தில் கொதிக்கிற எண்ணெய் வாங்கிய பெண், பக்கத்திலேயே புருஷன் நிற்க, "வழுக்கி விழுந்துட்டேன், ஒண்ணுமில்ல" என்றாள். அந்த ஒண்ணுமில்ல என்கிற வார்த்தைதான் இந்தத் தொழிலில் ரொம்ப மோசமான வார்த்தை என்பார் மாஸ்டர். கத்துகிறவனுக்கு மூச்சு இருக்கிறது. ஒண்ணுமில்ல என்கிறவனைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

இவ்வளவும் தெரிந்த மனுஷர், ஒரு நாள் காலை பதினொன்றேகால் மணிக்கு, தன் வீட்டு ஆள் ஒருவன் விஷயத்தில் அத்தனையும் மறந்தார்.

சரக்குக் கிடங்கில் சண்டை என்று அழைப்பு வந்தது. மாஸ்டரின் மனைவியின் தம்பி அங்கேதான் மூட்டை தூக்குகிறான். தாய் இல்லாத பிள்ளையை இடுப்பில் வைத்து வளர்த்தவள் அவள். இருபத்தாறு வயசாகியும் அவனுக்குக் கோபம் மட்டும் மூக்குக்கு மேலே நிற்கும். அன்று காலையில்கூட, "கிடங்குல ஏதோ முறைச்சிக்கிட்டுத் திரியுறாங்களாம். அந்தப் பக்கம் போனா அவனை ஒரு பார்வை பாத்துட்டு வாங்க" என்று சொல்லி அனுப்பியிருந்தாள்.

வண்டியை ஓட்டியவனுக்கு ஹாரன் என்று பேர். காரணம் சொல்ல வேண்டியதில்லை. கிடங்கு வாசலில் வண்டியை நிறுத்தினான்.

"மாஸ்டர், போலீஸ் வரட்டும். உள்ள கல்லு பறக்குது."

"போலீஸ் வர்றதுக்குள்ள ரத்தம் வடிஞ்சு முடிஞ்சிடும். உள்ள விடு."

"கண்ணாடி போனா என் கழுத்தப் பிடிப்பாங்க."

"பிடிச்சா நான் கட்டு போடுறேன், விடுறா."

லாரியிலிருந்து சரக்கு இறக்குவது யார் முறை என்பதில் வந்த வாய்த்தகராறு. நேற்றைய முறையை விட்டுக்கொடுத்தவன் இன்றைக்குக் கேட்டான், எடுத்துக்கொண்டவன் மறுத்தான். வாய் முற்றிக் கையானது, கை முற்றி இரும்பானது. உள்ளே நாற்பது ஐம்பது பேர் இரண்டு பக்கமாக நின்று கடப்பாரையும் கட்டையுமாக மோதிக்கொண்டிருந்தார்கள். ஒருவன் மண்டை பிளந்து, பிளந்ததே தெரியாமல் இன்னொருவனை மிதித்துக்கொண்டிருந்தான். வண்டி நுழைந்ததும் ஒரு செங்கல் பக்கக் கண்ணாடியைக் கொண்டுபோனது. "சொன்னேன்ல!" என்றான் ஹாரன்.

நடுவில் ஒருவன் புரண்டு கத்திக்கொண்டிருந்தான். முதுகில் மூன்று மூட்டை ஒன்றாகச் சுமப்பதால் ஒட்டகம் என்று அவனைக் கூப்பிடுவார்கள். மூட்டை தூக்குகிற இரும்புக் கொக்கி அவன் மேல்கையில் இறங்கி, முழங்கை வரைக்கும் கிழித்திருந்தது. ரத்தம் விட்டு விட்டுப் பீய்ச்சியது. தரையில் சிந்தியிருந்த மாவு அதில் குழைந்து சிவப்புச் சேறாகக் கிடந்தது.

நாலடி தள்ளி, மூட்டை அடுக்கில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான் மச்சினன். காலடியில் கொக்கி கிடந்தது. கொக்கியின் நுனியில் சதை.

மாஸ்டருக்கு ஒரு நொடியில் எல்லாம் விளங்கிவிட்டது. இந்த ஒட்டகம் செத்தால் இவன் கொலைகாரன். வீட்டில் ஒருத்தி அதற்கப்புறம் சோறு தின்னமாட்டாள்.

ஒட்டகத்தின் மேல் பாய்ந்தார். காயத்துக்கு மேலே, தோளை ஒட்டி இறுக்குப் பட்டையைச் சுற்றினார், அதிலிருக்கும் குச்சியை முறுக்கினார். ஒட்டகம் நல்ல கையால் மாஸ்டரின் தாடையில் ஒரு குத்து விட்டான்.

"வலிக்குதுடா டேய்! கைய ஒடிக்கிறியா?"

"வலிக்கத்தான் செய்யும். வலிக்கலைன்னாதான் நான் பயப்படணும். இன்னொரு குத்து பாக்கி இருந்தா அதையும் குத்து, கைய மட்டும் ஆட்டாதே."

இன்னும் ஒரு முறுக்கு. பீய்ச்சல் நின்றது. பேனாவை எடுத்து அவன் நெற்றியில் 11.24 என்று எழுதினார். கட்டிய நேரம் தெரியாவிட்டால் அப்புறம் கை போய்விடும். மூச்சைப் பார்த்தார், சட்டையை வெட்டினார், புரட்டினார், முதுகு சுத்தம். இதுவரைக்கும் ஒரு குறையும் சொல்ல முடியாது.

பிறகு மச்சினனிடம் வந்தார்.

"எங்கடா அடி?"

"ஒண்ணுமில்ல மாமா. சாக்கு அறுக்குற கத்திப் பிடியால ஒரு இடி இடிச்சான். விலாவுல மூச்சுப் பிடிச்சிருக்கு, அவ்வளவுதான்."

வலது கையை விலாவோடு ஒட்டி இறுக்கிப் பிடித்திருந்தான். மாஸ்டர் கத்திரிக்கோலை எடுத்தார். அது அரக்கு நிறச் சட்டை. ஒரு மாதம் முன்னால் அவரே வீட்டில் அளவெடுத்துத் தைத்துக் கொடுத்தது. "கையத் தூக்குடா" என்று நாடாவை அக்குளுக்குள் விட்டபோது, "கிச்சுகிச்சு மூட்டாதீங்க மாமா" என்று நெளிந்து சிரித்த பயல். பையில் பூ வேலைகூடப் போட்டிருந்தார். ஊரில் ஆயிரம் பேர் சட்டையை வெட்டிய கை, அந்தச் சட்டைக்கு முன்னால் நின்றுவிட்டது. போதாக்குறைக்குக் கோபம் வேறு. இவ்வளவு செய்துவிட்டு உட்கார்ந்திருக்கிறான், இவனுக்கு என்ன கேடு!

கத்திரிக்கோலை இடுப்பில் செருகினார். மூன்று பொத்தானைக் கழற்றி நெஞ்சைப் பார்த்தார், காயமில்லை. சட்டைக்குள் கைவிட்டு முதுகைத் தடவினார், ஈரமில்லை. அரக்குத் துணியில் ரத்தம் தெரியாது என்பது பத்தொன்பது வருஷம் துணி வெட்டினவருக்குத் தெரியாதா? தெரியும். கையைத் தூக்கு என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். சொல்லவில்லை.

"எந்திரிடா, கொலகாரப் பயலே. வண்டில ஏறு."

ஒட்டகத்தின் ஆட்கள் வழியை மறித்தார்கள். கையில் இரும்புக் குழாயோடு ஒருவன் முன்னால் வந்தான்.

"எங்க ஆள ஏத்திட்டுப் போ. இந்த நாய இங்கயே விட்டுட்டுப் போ. நாங்க பாத்துக்குறோம்."

"ரெண்டு பேரும் வருவாங்க."

"மீறி ஏத்தினா உன்னையும் சேர்த்து..."

"அடி. அடிச்சுட்டு உங்க ஆள நீயே தூக்கிட்டு ஓடு. ஆஸ்பத்திரி இங்கேர்ந்து பதினாறு கிலோமீட்டர். பட்டை நழுவினா மூணு நிமிஷத்துல முடிஞ்சிடுவான், எண்ணிக்கோ."

குழாய்க்காரன் ஒதுங்கினான். ஒதுங்கும்போது மச்சினன் முழங்காலில் ஒரு போடு போட்டுவிட்டுத்தான் ஒதுங்கினான்.

வண்டிக்குள் படுக்கையில் ஒட்டகம், பக்கப் பலகையில் மச்சினன். நடுவில் ஒரு முழம் இடைவெளி. கதவு சாத்தியதும் ஒட்டகம் காலை நீட்டி உதைத்தான்.

"நான் செத்தா ஆவியா வந்து உன் குரல்வளையக் கடிப்பேன்டா!"

மாஸ்டர் அந்தக் காலைப் பட்டையால் கட்டினார். மச்சினன் பதிலுக்கு ஏதோ திட்டினான். திட்டு கோர்வையாக வரவில்லை.

"நீ... முதல்ல... ஏன்டா... கத்திய..."

ஒரு வார்த்தைக்கு ஒரு மூச்சு. மாஸ்டர் திரும்பினார். முகம் வெளுத்து வேர்த்து ஊற்றியது.

"என்னடா திக்குறே?"

"ஒண்ணு... மில்ல... மாமா."

பதின்மூன்று வருஷமாக ஊருக்கெல்லாம் சொல்லி வந்த அந்த வார்த்தை மாஸ்டரின் பிடரியில் அறைந்தது.

"கையத் தூக்கு."

தூக்க முடியவில்லை. மாஸ்டர் கத்திரிக்கோலைக் காலரில் வைத்து, தையலையும் பார்க்காமல் பூவையும் பார்க்காமல், குறுக்கே கிழித்துக்கொண்டு போனார். கையைப் பிடித்து மேலே இழுத்தார். அக்குளுக்குள், கட்டைவிரல் நகம் அகலத்துக்கு ஒரு வாய். கொக்கியை ஓங்கக் கை தூக்கியபோது ஒட்டகம் இறக்கிய கத்தி. இவ்வளவு நேரம் கை அழுத்தியே அடைத்து வைத்திருந்தது. கையை எடுத்ததும் அந்த வாய் உறிஞ்சியது. சர்ர் என்று காற்றை இழுத்து, இளஞ்சிவப்பு நுரையைத் துப்பியது.

முதலில் தன் உள்ளங்கையால் பொத்தினார். கட்டுத்துணி சுற்றி வந்த பிளாஸ்டிக் உறையைப் பல்லால் பிரித்து, ஓட்டைமேல் வைத்து ஒட்டுப்பட்டை போட்டார். ஒரு பக்கம் ஒட்டாமல் விட வேண்டும், உள்ளே சேர்ந்த காற்று வெளியே போவதற்கு. பதற்றத்தில் நான்கு பக்கமும் ஒட்டிவிட்டார்.

இரண்டு நிமிஷம் நன்றாக இருந்தான். அப்புறம் கழுத்து நரம்பு கயிறு மாதிரி புடைத்தது. வலது பக்க நெஞ்சு ஊதிக்கொண்டு அசையாமல் நின்றது. உதடு நீலம் பாய்ந்தது. கண் மேலே சொருகியது. பலகையிலிருந்து சரிந்தவனை மாஸ்டர் ஒரு தோளால் தாங்கினார்.

படுக்கையிலிருந்து ஒட்டகம் பார்த்துக்கொண்டிருந்தான்.

"சாகட்டும் விடு மாஸ்டர்."

"அவன் செத்தா நீ கொலகாரன்டா. கத்தி உன்னுது. நீ செத்தா அவன் கொலகாரன். என் வண்டில ஒருத்தனும் ஒருத்தனையும் கொலகாரனாக்க முடியாது. மூடிட்டுப் படு!"

சொல்லிக்கொண்டே ஒட்டின மூலை ஒன்றைப் பிய்த்துத் தூக்கினார். புஸ்ஸென்று காற்று வந்தது, கூடவே ரத்தம் தெறித்து மாஸ்டரின் மூக்குக்கண்ணாடியை மூடியது. மச்சினன் தண்ணீருக்கடியிலிருந்து எழுந்தவன் போல ஒரு பெரிய மூச்சு இழுத்தான்.

ஒட்டகம் கூரையைப் பார்த்தான். நெற்றியில் எழுதிய நேரத்தை வேர்வை கரைத்துக்கொண்டிருந்தது. திடீரென்று முன்பக்கம் பார்த்துக் கத்தினான்.

"டிரைவர்! என்னய்யா மாட்டு வண்டியா ஓட்டுறே? மிதிய்யா!"

"மிதிச்சுட்டுத்தான் இருக்கேன்! நீ பாட்டுக்குப் படு!" என்றான் ஹாரன். அவன் அழுதுகொண்டுதான் ஓட்டினான், ஆனால் அதைக் கேட்டால் இன்றைக்கும் ஒத்துக்கொள்ளமாட்டான்.

மூச்சு முட்டும்போதெல்லாம் மாஸ்டர் மூலையைத் தூக்கினார். வழியில் ஆறு தடவை. ஆஸ்பத்திரி வாசலில் படுக்கை காத்திருந்தது. டாக்டரம்மா நடந்துகொண்டே கேட்டாள்.

"நெஞ்சுக் காயத்த எத்தன மணிக்குப் பாத்தீங்க?"

ஸ்பாட்டிலேயே பார்த்தேன் என்று சொல்லியிருக்கலாம். கேட்க நாதியில்லை. மாஸ்டர் படிவத்தை வாங்கி, கோணல் எழுத்தில் 11.41 என்று எழுதிக் கொடுத்தார். கட்டியது 11.24, பார்த்தது 11.41. கணக்குப் போடத் தெரிந்தவர்கள் போட்டுக்கொள்ளட்டும். பின்னால் மேலதிகாரி போட்டார், ஒரு மாதம் வண்டியிலிருந்து இறக்கினார். அது நியாயம்தான் என்று மாஸ்டரே சொன்னார்.

மதியம் மனைவி வந்தாள். தம்பியின் நெஞ்சில் குழாய் போட்டுப் படுக்க வைத்திருந்தார்கள், பிழைத்துவிட்டான். ஒட்டகத்துக்குக் கை மிஞ்சியது, இரண்டு விரல் மட்டும் மடங்காது. கட்டில் பக்கத்தில் ஒரு போலீஸ்காரர் நாற்காலி போட்டிருந்தார். அவள் எல்லாவற்றையும் பார்த்துவிட்டு வராந்தாவுக்கு வந்தாள். கையில் வெட்டின சட்டை, ஒரு பிளாஸ்டிக் பையில்.

"என் தம்பிய எத்தனாவதா பாத்தீங்க?"

"ரெண்டாவதா. மத்தவனுக்கு ரத்தம் பீய்ச்சி அடிச்சுது."

"சரி. அது உங்க தொழில். அதுக்கப்புறமும் லேட்டாத்தான் பாத்தீங்கன்னு டாக்டரம்மா சொன்னாங்க. ஏன் லேட்டு?"

"சட்டைய வெட்ட மனசு வரல. அவன் மேல கோவமாவும் இருந்துது."

அவள் பையால் அவர் முகத்தில் அறைந்தாள். ஒரு தடவை இல்லை. பை கிழிந்து சட்டை வெளியே வந்தது, சட்டையாலேயே அறைந்தாள். காய்ந்த ரத்தம் பொடிப்பொடியாக உதிர்ந்தது. போலீஸ்காரர் எட்டிப் பார்த்துவிட்டு, இது குடும்ப விவகாரம் என்று தலையை உள்ளே இழுத்துக்கொண்டார்.

"ஊர்ல எவன் எவன் துணியோ வெட்டுனீங்க! இதுக்கு மட்டும் கை கூசிச்சா? கோவம்னா அவன நாலு சாத்து சாத்தியிருக்கணும். பாக்காம விடுவீங்களா?"

மாஸ்டர் தடுக்கவில்லை.

மச்சினன் பதினாலு மாதம் உள்ளே இருந்தான், ஒட்டகம் பத்து மாதம். மாஸ்டர் வண்டிக்குத் திரும்பியபின் நான்கு வார்த்தை ஐந்தாயிற்று, ஐந்தாவது அக்குள். சாய்ந்து கிடக்கிறவன், ஓடிப்போய்ப் பிடிக்க வேண்டியவன், கட்டை விரலில் கல் விழுந்தவன், யாராக இருந்தாலும் வெட்டு நடுவில்தான், அதுக்கப்புறம் "கையத் தூக்கு"தான். மோட்டார் சைக்கிளிலிருந்து விழுந்து மயங்கிக் கிடந்த ஒருவன், கண் திறந்ததும் தலைமேல் கத்திரிக்கோலோடு முன்பல் இல்லாத ஆளைப் பார்த்து, "பர்ஸ் பின்பாக்கெட்ல இருக்குண்ணே, எடுத்துக்கங்க, உயிர மட்டும் விட்டுடுங்க" என்றான். ஹாரன் இதை நிலையத்தில் நடித்துக் காட்டாத நாள் கிடையாது.

வெளியே வந்த மச்சினன் திங்கட்கிழமை கிடங்குக்கே திரும்பிப் போகிறேன் என்றான். வேறு வேலை தெரியாது. ஒட்டகமும் அங்கேதான் திரும்பி வந்திருக்கிறான். மாஸ்டர் எழுந்துபோய் நாடாவை எடுத்து வந்தார்.

"வா. சட்டைக்கு அளவு கொடு. கையத் தூக்கு."

தூக்கினான். முழுசாகத் தூக்க வரவில்லை, காதுவரைக்கும்தான் வந்தது. நாடா அக்குளுக்குள் போனதும் மாஸ்டரின் விரல் அந்தத் தழும்பில் முட்டி நின்றது. பயல் நெளியவில்லை, சிரிக்கவும் இல்லை. சுவரைப் பார்த்துக்கொண்டு, "அன்னிக்கு நான்தான் மாமா முதல்ல ஓங்கினேன்" என்றான்.

அவள் சமையலறை வாசலில் நின்றிருந்தாள்.

"வலது பக்கம் அக்குள் சுத்து சின்னதா வெட்டுங்க" என்றாள் புருஷனிடம். "மூட்டைய முதுகுல வாங்கக் கை வரணும். கொக்கிய ஓங்கத் தூக்கினா வரக் கூடாது."

"பிடிக்குமேக்கா" என்றான் தம்பி.

"பிடிக்கட்டும்."

மாஸ்டர் துணியை விரித்து, சுண்ணாம்புக் கட்டியால் கோடு போட்டார். வலது அக்குள் சுற்றை மட்டும், நாடா காட்டிய அளவைவிட முக்கால் அங்குலம் குறைத்துப் போட்டார். பிறகு கத்திரிக்கோலை வைத்து வெட்டினார்.